ஜூனியர் காலேஜிலிருந்து வரும் வீரரிடம் முதல் சீசனில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: "நான் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு இந்த ஆண்டு ஜூனியர் காலேஜிலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு கார்டு, அதாவது வெளியிலிருந்து பந்தை நடத்திக் கொண்டுபோகும் ஆட்டக்காரர், அங்கே ஆட்டத்துக்கு 21 புள்ளி எடுத்தவராம். இங்கேயும் அப்படி ஆடுவாரா? அவரை நம்பி நண்பர்கள் இப்போதே மார்ச் மாதத் தேசியப் போட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்."

அந்த 21-ஐக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். சீசன் தொடங்கும் நவம்பரில் அவர் ஆட்டத்துக்கு 6 புள்ளி எடுத்தாலும், ஓரிரு ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பதற வேண்டாம். ஜனவரி கடைசியில் கோச் அவரை எத்தனை நிமிடம் களத்தில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். எடை போட அதுதான் சரியான நேரம். அதற்கு முன்னால் புள்ளியை வைத்துப் பேசுவது அவருக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

நான் கான்சஸ் மாநிலத்தில் எட்டு வருடம் இருந்தேன். அங்கே ஹட்சின்சன் என்று ஓர் ஊர், உப்புச் சுரங்கத்துக்குப் பேர் போனது. ஜூனியர் காலேஜ்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1949 முதல் அங்கேதான் நடக்கிறது. இந்தக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமான என்.ஜே.சி.ஏ.ஏ. 1938-ல் தொடங்கியது. மார்ச் வந்தால் நான் விடுமுறை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். காலையில் தொடங்கினால் இரவு வரை ஒரே அரங்கில் ஆட்டம் மேல் ஆட்டம். கூடவே பல்கலைக்கழகக் கோச்சுகள் வரிசையாக நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பார்த்துப் பிடித்துப்போன பல பேரைப் பிறகு பெரிய அணிகளில் தொடர்ந்து கவனித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஜூனியர் காலேஜ், பேச்சு வழக்கில் ஜூகோ, என்பது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதை முடித்து நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்தில் நடுவில் சேர்கிறார்கள். நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேருவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அவர்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் கை நன்றாக ஓடும், கணக்குப் பாடத்தில் முதல் செமஸ்டர் தடுமாறும். வகுப்பில் நட்பு வட்டங்களும் ஏற்கெனவே அமைந்திருக்கும். ஜூகோ வீரரின் முதல் சீசனும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஒரு பெரிய வித்தியாசம், பல பேருக்கு மொத்தமே இரண்டு சீசன்தான் மிச்சம்.

அவர் ஏன் ஜூகோவுக்குப் போனார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், எதிர்பார்ப்பே அதைப் பொறுத்து மாறும். பள்ளியில் மதிப்பெண் போதாமல் போனவர்கள் உண்டு. உயரம் தாமதமாக வந்தவர்கள் உண்டு. டென்னிஸ் ராட்மன் பள்ளியில் குட்டைப் பையன். முடித்த பிறகுதான் கிடுகிடுவென்று வளர்ந்தார், அப்புறம்தான் டெக்சஸில் ஒரு ஜூனியர் காலேஜில் கொஞ்ச காலம் ஆடினார். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒத்துப்போகாமல் இறங்கி வந்தவர்களும் உண்டு. இந்தக் கடைசி வகைக்காரர் உங்கள் மூவரில் இருந்தால், அவர் சீக்கிரமே பழகிவிடுவார். பெரிய அணியின் பயிற்சி எப்படி இருக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இப்போது ஜிம்மி பட்லரை எடுத்துக்கொள்வோம். டைலர் ஜூனியர் காலேஜில் ஒரே ஒரு வருடம், சராசரி 18 புள்ளி. 2008-ல் மில்வாக்கியில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் சீசனில் அவர் எடுத்த சராசரி 5.6. அடுத்த சீசனில் 14.7, அதற்கடுத்து 15.7. பிறகு 2011-ல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆள் தேர்வில் (டிராஃப்ட்) 30-ஆவது ஆளாகப் போய் எவ்வளவு தூரம் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 5.6-ஐப் பார்த்து யாராவது கை கழுவியிருந்தால்?

அந்த எண் ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது என்பதைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அந்த ஆண்டு மார்க்வெட்டில் ஜெரல் மக்நீல், வெஸ்லி மேத்யூஸ், டொமினிக் ஜேம்ஸ் என்று நான்காம் ஆண்டு கார்டுகள் மூன்று பேர் இருந்தார்கள். பந்து அவர்கள் கையில்தான் இருக்கும். பட்லருக்குக் கிடைத்த வேலை ரீபவுண்ட் எடுப்பது (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), எதிரணி ஆளை மறிப்பது, காலியாக நிற்கும்போது போடுவது, அவ்வளவுதான். அவர்கள் படிப்பு முடித்துப் போனதும் இடம் திறந்தது. அதற்குள் கோச் பஸ் வில்லியம்ஸுக்கு அவர் மேல் நம்பிக்கையும் வந்திருந்தது. ஆகவே உங்கள் அணியில் போன ஆண்டு ஆடிய யார் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜூகோவில் ஆட்டத்துக்குப் பதினாறு முறை கூடையை நோக்கிப் போட்டவருக்கு இங்கே ஏழு முறைதான் வாய்ப்பு என்றால், கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் 21 வராது.

அதே மார்க்வெட்டில் அடுத்து வந்த ஜே க்ரௌடர் கொஞ்சம் வேறு கதை. இரண்டு ஜூனியர் காலேஜ்களில் ஆடினார். இரண்டாவதான ஹோவர்ட் காலேஜோடு 2010-ல் ஹட்சின்சனில் தேசியப் பட்டம் வாங்கினார். மார்க்வெட்டில் முதல் சீசனில் 11.8, இரண்டாவதில் 17.5, 2012-ல் மார்க்வெட் ஆடும் பல்கலைக்கழகக் குழுவான பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் சிறந்த வீரர். ஓரிகான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டுவார்ட்டேவும் அப்படித்தான். 2019-ல் ஜூகோவின் சிறந்த வீரராக வந்தவர், முதல் சீசனில் 12.9, அடுத்ததில் 17.1. ஜூகோவில் நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்தவர்களே முதல் ஆண்டில் 12 புள்ளி அளவில்தான் நின்றிருக்கிறார்கள். உங்கள் கார்டு முதல் சீசனில் 8 முதல் 11 எடுத்தால் அது நல்ல சீசன் என்பேன்.

சரி, களத்தில் என்னதான் மாறுகிறது? புள்ளி எடுப்பதைவிட, எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸில்தான் அதிகம் மாறுகிறது. ஜூகோவில் கெட்டிக்காரக் கார்டு ஒருவர் தன் எதிரில் நிற்பவரைத் தாண்டிவிட்டால் கூடை வரை வழி பெரும்பாலும் திறந்திருக்கும். இங்கே இரண்டாவது ஆள் முன்கூட்டியே வந்து நிற்பார், அவருக்குப் பின்னால் 6 அடி 10 அங்குலத்தில் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். அதுகூடப் பரவாயில்லை, நாலைந்து ஆட்டத்தில் புரிந்துகொண்டு பந்தைப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொள்வார். கஷ்டம் எதிர்ப்பக்கத்தில். எதிரணி ஸ்க்ரீன் வைத்தால், அதாவது ஓர் ஆளை நிறுத்தி இவர் வழியை மறித்தால், அதற்கு மேலாகப் போவதா, கீழாகப் போவதா, ஆளை மாற்றிக்கொள்வதா என்பதை ஒவ்வொரு எதிரணிக்கும் ஒரு விதமாகக் கோச் சொல்லியிருப்பார். அரை நொடி தப்பினால் மூன்று புள்ளி போய்விடும். பந்து இல்லாத பக்கத்தில் நிற்கும்போது தன் ஆளையும் பந்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஜூகோவில் இதைக் கற்பிக்க ஆசை இருக்கும், அவகாசம் இருக்காது. ஆண்டுக்கு ஆண்டு பாதி அணி மாறிவிடும். உதவிக் கோச் ஒருவர் அல்லது இருவர் இருப்பார்கள், சில நேரம் அவர்களே பஸ்ஸையும் ஓட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே நவம்பரில் அவர் உள்ளே வந்து நான்கு நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்டால், எதையோ போடாமல் விட்டதற்காக இருக்காது. அதற்கு முந்தைய ஆட்ட ஓட்டத்தில் மூலையில் நின்ற ஆளை விட்டுவிட்டிருப்பார். அடுத்த முறை அந்தத் தருணத்தைக் கவனியுங்கள், கோச் எதற்குக் கத்துகிறார் என்று தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜூகோவில் 21 புள்ளி எடுத்த கார்டைப் பற்றி எதிரணிக்கு அதிகம் தெரிந்திருக்காது. இங்கே ஒவ்வோர் எதிரணியும் அவருடைய பழைய ஆட்டங்களின் வீடியோவைத் துண்டு துண்டாகப் பார்த்திருக்கும். வலப்பக்கம் மட்டும்தான் போகிறார், இடப்பக்கம் தள்ளினால் தடுமாறுகிறார் என்பதை மூன்றாவது ஆட்டத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். டிசம்பரில் பலருடைய எண்கள் திடீரென்று விழுவதற்கு இதுதான் காரணம். விழுந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

உங்கள் மூவரில் உயரமானவர் யாராவது இருந்தால் அவருக்கு வேறொரு சிக்கல் வரலாம். 6 அடி 6 அங்குலக்காரர் ஜூகோவில் கூடைக்கு அருகே நிற்கும் சென்டராக ஆடிவிடலாம். இங்கே அதே உயரத்தில் வெளிவட்டத்தில் ஆட வேண்டும், தன்னைவிட வேகமான ஆட்களைத் துரத்த வேண்டும். ஏறக்குறைய புது வேலை. இந்த மாதிரி ஆளுக்கு ஒரு முழு ஆண்டு கொடுங்கள்.

அடுத்தது, அவர் எப்போது வளாகத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது. செய்திகளில் யாரும் இதை எழுத மாட்டார்கள், ஆனால் நான் முதலில் தேடுவது இதைத்தான். கோடையில் எட்டு வாரம், வாரத்துக்கு எட்டு மணி நேரம் வரை அணியோடு பயிற்சி செய்ய விதி இடம் கொடுக்கிறது. அதில் நான்கு மணி நேரம் பந்தோடு களத்தில் இருக்கலாம், மிச்சம் உடற்பயிற்சிக் கூடத்தில். செப்டம்பர் கடைசியில் முறையான பயிற்சி தொடங்கும், முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாட்களில் 30 நாள். ஜூனிலேயே வந்தவருக்கு இந்த முழுக் காலமும் கிடைக்கும். ஜூகோ பட்டத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு பாடம் பாக்கி என்று கோடை முழுக்க அங்கேயே உட்கார்ந்து முடித்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் வருபவருக்கு அந்த எட்டு வாரம் போயே போய்விட்டது. அப்படி வந்தவர் நவம்பரில் திணறினால் அதில் ஆச்சரியமே இல்லை. ஜனவரி என்று நான் சொன்னதை அவருக்கு மட்டும் பிப்ரவரி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பாடம் என்று சொன்னதும், ரசிகர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயர்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன்றில் சேர ஜூகோ மாணவருக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய பாடங்களில் 2.5 ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வேண்டும். பள்ளியில் தகுதி பெறாமல் ஜூகோவுக்குப் போனவர் என்றால் அங்கே பட்டமும் முடித்திருக்க வேண்டும். இத்தோடு தீரவில்லை. மூன்றாம் ஆண்டில் நுழைபவர், தான் இங்கே எடுக்கப்போகும் பட்டப்படிப்பில் 40 சதவீதத்தை ஏற்கெனவே முடித்தவராக இருக்க வேண்டும். ஜூகோவில் எடுத்த கிரெடிட்டுகள் எல்லாம் புதுக் கல்லூரியின் எல்லாப் பட்டத்துக்கும் பொருந்தாது. ஆகவே பொறியியலோ வணிகமோ படிக்க ஆசைப்பட்டு வந்த பையன், கணக்கு ஒத்துவருகிற ஏதோ ஒரு பொதுவான பட்டத்தில் போய் உட்காருவது அடிக்கடி நடக்கிறது. ஆடுகளத்தில் சேர்வதற்காகப் படிப்பைத் தியாகம் செய்கிற அந்த இடம் எனக்கு மிகவும் வருத்தமானது. ஹட்சின்சனில் ஒரு தாய் என்னிடம், மகனை அழைக்கும் கோச்சுகள் எல்லோரிடமும் முதலில் "என் பையன் என்ன படிப்பான்?" என்றுதான் கேட்கிறேன் என்றார். அந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிற கோச்சிடம் ஆட்டமும் நன்றாக வளரும் என்று நம்புகிறேன். படிப்பில் பயந்துகொண்டிருக்கும் பையன் எதிரணியின் ஆட்ட முறையைச் சொல்லும் ஸ்கவுட்டிங் அறிக்கையை நிம்மதியாக மனப்பாடம் செய்ய முடியாது.

எந்த எண்களை நம்பலாம் என்று கேட்டால், ஃப்ரீ த்ரோ சதவீதத்தை முதலில் பார்ப்பேன். தடுக்க ஆள் இல்லாத அந்தக் கோட்டிலிருந்து 80-க்கு மேல் போடுபவரின் கை எந்த மட்டத்திலும் அப்படியேதான் இருக்கும். ஜூகோவில் மூன்று புள்ளி வீச்சில் 40 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 62 என்றால் எனக்குச் சந்தேகம் வரும். ரீபவுண்டும் ஓரளவு கூடவே வரும், அது பாதி பசி, பாதி பழக்கம். கார்டு என்றால் அவர் கொடுத்த அசிஸ்டுக்கும் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்து) இழந்த பந்துக்கும் உள்ள விகிதம் முக்கியம். மொத்தப் புள்ளியைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

விதிவிலக்கு இல்லையா என்றால் இருக்கிறது, அதனால்தான் உங்கள் நண்பர்கள் கனவு காண்கிறார்கள். லாரி ஜான்சன் ஒடெசா காலேஜில் இரண்டு வருடம் ஆடிவிட்டு லாஸ் வேகஸின் யு.என்.எல்.வி. பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வந்த முதல் சீசனிலேயே 20 புள்ளி, 11 ரீபவுண்ட் என்று ஆடி 1990-ல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் டியூக்கை 103-73 என்று வீழ்த்தினார்கள். அடுத்த ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆள் அவர்தான். அவருடைய கோச் ஜெர்ரி டார்க்கேனியன் கலிஃபோர்னியாவில் ஜூனியர் காலேஜ்களில் பல பட்டங்கள் வென்றுவிட்டு மேலே வந்தவர் என்பதை மறக்க வேண்டாம். ஜூகோ பையனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். 1994-ல் ஆர்கன்சாவுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த நோலன் ரிச்சர்ட்சனும் அதே வழி. 1980-ல் வெஸ்டர்ன் டெக்சஸ் காலேஜோடு ஜூகோ பட்டம் வென்றவர். உங்கள் கோச்சின் பழைய வரலாற்றையும் பாருங்கள், அவரோ உதவிக் கோச் ஒருவரோ ஜூகோவிலிருந்து வந்தவராக இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும்.

பெண்கள் ஆட்டத்தில் ஷெரில் ஸ்வூப்ஸ். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து, வீட்டு ஞாபகம் தாங்காமல் உடனே திரும்பி, ஊருக்குப் பக்கத்தில் சவுத் ப்ளெயின்ஸ் காலேஜில் ஆடினார். பிறகு டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம். 1993 தேசிய இறுதி ஆட்டத்தில் தனியாளாக 47 புள்ளி எடுத்தார், ஒஹாயோ ஸ்டேட்டை 84-82 என்று வென்றார்கள். இவர்களை எல்லாம் அளவுகோலாக வைத்தால் உங்கள் கார்டுக்கு மூச்சு முட்டிவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் கீத் ஸ்மார்ட். கான்சஸின் கார்டன் சிட்டியில் ஜூகோ ஆடியவர். இந்தியானாவின் பாப் நைட் பெரும்பாலும் பள்ளியிலிருந்து நேராக ஆட்களை எடுத்துத் தன் முறையில் வார்த்தெடுப்பவர். அவர் 1986-ல் ஸ்மார்ட்டையும் டீன் காரெட் என்ற இன்னொரு ஜூகோ வீரரையும் எடுத்தார். அணியின் முக்கிய ஆள் ஸ்டீவ் ஆல்ஃபர்ட், ஸ்மார்ட்டின் சராசரி 11 அளவில்தான். ஆனால் 1987 இறுதி ஆட்டத்தில், தன் சொந்த மாநிலமான லூசியானாவில், எதிரணியான சிரக்யூஸின் கவனமெல்லாம் ஆல்ஃபர்ட் மேல் இருக்க, கடைசி நொடிகளில் இடது ஓரத்திலிருந்து ஸ்மார்ட் போட்ட பந்துதான் 74-73 என்று பட்டத்தைக் கொடுத்தது. நல்ல முதல் சீசன் என்று நான் சொல்வது இந்த வடிவத்தைத்தான். சராசரியைப் பார்த்தால் சாதாரணம், கடைசி நிமிடத்தில் கோச் நம்பிக் களத்தில் வைத்திருக்கும் ஐந்து பேரில் ஒருவர்.

அப்புறம், இப்போது காலம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் முதல் சீசன் பழகுவதற்கு, இரண்டாவது ஆடுவதற்கு என்று பொறுமையாக இருக்க முடிந்தது. 2021 ஏப்ரலில், ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஒரு முறை கல்லூரி மாறலாம் என்றானது, 2024 ஏப்ரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. விளைவு, கோச்சுகள் ஜூகோ பையனைவிட, வேறொரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஆடிய 22 வயதுக்காரரை எடுக்கவே விரும்புகிறார்கள். அதையும் தாண்டி உங்கள் கோச் மூன்று பேரை எடுத்திருக்கிறார் என்றால் ஏதோ பார்த்துத்தான் எடுத்திருப்பார். ஆனால் முதல் ஆண்டில் நிமிடம் கிடைக்காதவர் மார்ச் முடிந்ததும் கிளம்பிவிடலாம், நன்றாக ஆடியவரும் பெரிய அணி அழைத்தால் போய்விடலாம். பட்லரின் 14.7-ஐப் பார்க்க அவரை ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஓர் ஆண்டுதான் இன்று எல்லா அணிகளுக்கும் கஷ்டமாக இருக்கிறது.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு மாற்றம். ஒருவர் மொத்தம் ஆடக்கூடிய நான்கு சீசனில் ஜூகோவில் ஆடியவையும் சேரும் என்பதுதான் பழைய விதி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் வீரர், ஜூகோவிலிருந்து வந்த டியேகோ பாவியா தொடுத்த வழக்கில் 2024 டிசம்பரில் அவருக்குச் சாதகமாக நீதிமன்ற உத்தரவு வந்தது. அதன் பிறகு பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. அவர் நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் 2025-26-க்கு மட்டும் ஒரு கூடுதல் ஆண்டு கொடுத்தது.

நான் ஒரு நடுத்தர அணியைப் பல வருடம் பின்தொடர்ந்தேன், பெயர் வேண்டாம். ஜூகோவிலிருந்து வந்த ஒரு கார்டை டிசம்பரில் சொந்த அரங்கிலேயே கூச்சலிட்டு விரட்டாத குறையாகச் செய்தார்கள். மாணவர் வரிசையிலிருந்துதான் அதிகம் கேட்டது. அந்த ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது, அறைத்தோழர்கூட அணியில் ஒரு புது ஆள்தான். பிப்ரவரியில் எதிரணியின் சிறந்த கார்டை மறிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டு அவர்தான் கேப்டன். அந்த டிசம்பர் இரவில் நானும் அரங்கில் இருந்தேன், பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் உறுத்துகிறது. நீங்கள் மாணவர், மாணவர் வரிசையில் உங்கள் குரல் எடுபடும். சீசன் தொடங்குவதற்கு முன் நண்பர்களிடம் ஜனவரி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு மூவரைப் பற்றியும் மூன்று விஷயம் கண்டுபிடியுங்கள்: எத்தனை சீசன் மிச்சம், எந்த மாதம் வளாகத்துக்கு வந்தார்கள், ஃப்ரீ த்ரோ சதவீதம் என்ன. முதல் இரண்டு ஆட்டம் முடிந்ததும் அவற்றோடு திரும்பி எழுதுங்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்கிறேன்.